பிளைவுட் தட்டியா, துணித் தட்டியா? காட்சி மாற்ற ஒரு நிமிடம்

கேள்வி: 3 பிப்ரவரி 2024

எங்கள் கல்லூரி நாடகக் குழு மார்ச் 9 அன்று ஒன்றரை மணி நேர நாடகம் ஒன்றை அரங்கேற்றுகிறது. முதல் பகுதி ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கூடத்திலும், அடுத்தது காவல் நிலையத்திலும், கடைசிக் காட்சி மீண்டும் அதே கூடத்திலும் நடக்கின்றன. இடைவேளை கிடையாது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். 8 அடிக்கு 4 அடி அளவில், 12 மி.மீ. பிளைவுட்டில் 14 தட்டிகள் (மேடையில் சுவராக நிறுத்தும் சட்டமிட்ட பலகைகள்) செய்து, திருகாணியால் ஒன்றோடொன்று இணைத்து நிறுத்துவதாக முடிவு. துணித் தட்டி பழைய காலத்து வழக்கம். பிளைவுட் எளிதாகக் கிடைக்கும் இந்நாளில் அதற்குத் தேவையில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உண்டா?

3 பிப்ரவரி, இரவு 9.40

உண்டு. முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 8க்கு 4 அடி, 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று ஏறத்தாழ 22 கிலோ இருக்கும். அது வளையாமல் நிற்கப் பின்னால் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள ரீப்பர் சட்டம் வேண்டும். பைன் மரத்தில் அது 9 கிலோ. ஆக ஒரு தட்டி 31 கிலோ. அதே சட்டத்தின் மேல் காடா துணியை இழுத்து ஒட்டி வண்ணம் பூசினால் 10 கிலோவில் முடிந்துவிடும். 14 தட்டிகளுக்கு 434 கிலோ ஒரு பக்கம், 140 கிலோ மறுபக்கம். இந்த எடையை இருட்டில், ஓசை எழாமல், ஒரு நிமிடத்திற்குள், அதுவும் ஒரே மாலையில் இரண்டு முறை நகர்த்தப் போகிறவர்கள் உங்கள் மாணவர்கள்.

திருகாணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் இணைப்புக்கு மூன்று திருகாணி என்றாலும், விளக்கை அணைத்துவிட்டு அவற்றைக் கழற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வீட்டிலேயே ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பாருங்கள். காட்சி மாறாத நாடகத்திற்குத் திருகாணி போதும். உங்கள் நாடகம் அப்படிப்பட்டதல்ல.

4 பிப்ரவரி, காலை 7.15

நேற்றைய கணக்கில் ஒரு பிழை. சட்டத்திற்கு இரண்டு நெடுங்கட்டைகளும் மேலும் கீழும் இரண்டு கிடைக்கட்டைகளும் நடுவில் இரண்டு குறுக்குக்கட்டைகளும் சேர்த்து 32 அடி என்று கொண்டேன். மூலைச் சாய்கட்டைகள் இரண்டை விட்டுவிட்டேன். அவை தலா இரண்டரை அடி. மொத்தம் 37 அடி, எடை 9 கிலோ அன்று, ஏறத்தாழப் பத்தரை. துணித் தட்டியை 12 கிலோ என்றும் பிளைவுட் தட்டியை 33 கிலோ என்றும் திருத்திக்கொள்ளுங்கள். முடிவு மாறவில்லை.

சாய்கட்டைகளை விட்டுவிட்டால் எடை குறையும், ஆனால் மூலைகள் செங்கோணமாக நிற்காது. இரண்டு சாய்கட்டைகளும் ஒரே நெடுங்கட்டையைச் சார்ந்து, மேல் மூலையில் ஒன்றும் கீழ் மூலையில் ஒன்றுமாக அமைய வேண்டும். எதிரெதிர் மூலைகளில் வைத்தவர்களின் தட்டிகள் சில மாதங்களில் முறுக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

4 பிப்ரவரி, பிற்பகல் 3.05

சட்டம் கட்டும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்த தச்சரிடம் கொடுத்தாலும் இதை வாயால் சொல்லிக் கொடுங்கள். ஏனென்றால் கதவு, ஜன்னல் செய்து பழகிய கை, நெடுங்கட்டையைத்தான் முழு உயரத்திற்கு ஓட விடும். தட்டியில் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கிடைக்கட்டை முழு அகலத்திற்கும் ஓட வேண்டும். நெடுங்கட்டைகள் அவற்றுக்கு இடையில் அடங்க வேண்டும். தட்டியைத் தரையில் இழுத்துச் செல்லும்போது நெடுங்கட்டையின் வெட்டுமுனை தரையில் உரசினால் மரம் நார் நாராகப் பிளந்துவிடும்; கிடைக்கட்டை கீழே இருந்தால் அதன் நீளவாட்டுப் பரப்பு வழுக்கிக்கொண்டு போகும். நூறு வருடங்களுக்கு மேலாகத் தட்டி கட்டுகிறவர்கள் இந்த முறையை மாற்றாததற்குக் காரணம், தட்டியின் வாழ்நாளில் பாதி தரையில் இழுபடுவதிலேயே கழிகிறது என்பதுதான்.

மூலைகளில் 6 மி.மீ. பிளைவுட்டில் வெட்டிய முக்கோணப் பலகைகளைப் பசை தடவித் திருக வேண்டும். அவற்றின் வெளி விளிம்பு சட்டத்தின் விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி இருக்கட்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் இன்னொரு தட்டியைச் செங்குத்தாக ஒட்டி நிறுத்தி மூலை அமைக்க முடியும். பிளைவுட்டின் மேல் இழை, மூட்டின் கோட்டுக்குக் குறுக்காக ஓட வேண்டும். கோட்டின் வழியே ஓடினால் அந்த இடத்திலேயே மடிந்து உடையும்.

6 பிப்ரவரி

துணி ஒட்டுவது பற்றி. இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், நீங்கள் அதைத் தவிர்க்கலாம்.

1984இல், நான் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு, ஒரு சபா நாடகத்திற்காகப் பத்துத் தட்டிகளுக்குத் துணி இழுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. துணி தொய்ந்திருந்தால் சுவர் சுவராகத் தெரியாது என்ற கவலையில், மத்தளத் தோலைப் போல இறுக்கி இழுத்து ஆணி அடித்தேன். மாலையில் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசையைக் கரைத்து முதல் பூச்சுக் கொடுத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால், பத்தில் நான்கு தட்டிகளின் நெடுங்கட்டைகள் நடுவில் உள்நோக்கி வளைந்து உடுக்கை வடிவில் கிடந்தன. காடா துணி நனைந்து காயும்போது சுருங்கும். நான் இழுத்த இறுக்கத்தோடு அந்தச் சுருக்கமும் சேர்ந்தபோது மரத்தால் தாங்க முடியவில்லை. அடுத்தடுத்து நிறுத்தியபோது ஒவ்வோர் இணைப்பிலும் விரல் நுழையும் இடைவெளி. அன்றிரவு முழுவதும் துணியைக் கிழித்து எடுத்து வேறு துணி ஒட்டினோம். என்னோடு வேலை பார்த்த மூத்த தச்சர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல் விடியும் வரை கூட இருந்தார். அவரை நினைக்காமல் இன்றும் என்னால் தட்டிக்குத் துணி இழுக்க முடிவதில்லை.

ஆகவே துணியை மடிப்பு விழாத அளவிற்கு மட்டும் இழுங்கள். உள்விளிம்பை ஒட்டி ஆணி அடித்து, வெளியே தொங்கும் ஓரத்தைத் தூக்கி அடியில் பெவிகால் தடவி ஒட்டி, சட்டத்தின் விளிம்புக்குக் கால் அங்குலம் உள்ளேயே கத்தியால் நறுக்குங்கள். விளிம்பு வரை துணி விட்டால், அடுத்த தட்டி உரசும்போது ஓரம் பிரிந்து நூல் தொங்கும். துணிக் கடையில் வாங்கும்போது பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, கேட்டு வாங்குங்கள். 4 அடித் தட்டிக்கு 54 அங்குலப் பன்னாவுக்குக் குறைந்தால் நடுவில் தையல் வரும், பக்கவாட்டு விளக்கில் அந்தத் தையல் நிழலாகத் தெரியும்.

7 பிப்ரவரி

வஜ்ஜிரம் இப்போது கிடைக்குமா என்ற கேள்விக்கு: தேடி அலைய வேண்டாம். பெவிகாலை நீரில் நன்கு கரைத்து, அதில் சிறிது வெள்ளை டிஸ்டம்பர் கலந்து முதல் பூச்சாகக் கொடுக்கலாம். மைதாப் பசை வேண்டாம். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்குப் பயந்துதான்; தட்டியைக் கிடங்கில் வைத்த பிறகு கரப்பானும் எலியும் அந்தப் பசையைத் தேடி வந்து துணியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

11 பிப்ரவரி

தட்டியின் அகலம் ஏன் 4 அடி, 5 அடி ஆக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆக்கலாம், உங்கள் வண்டியும் வாசலும் இடம் கொடுத்தால். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்கள் தட்டியின் அகலத்தை 5 அடி 9 அங்குலத்திற்கு மேல் போக விடவில்லை. ரயில் சரக்குப் பெட்டியின் வாசல் அதற்கு மேல் இடம் தரவில்லை என்பதே காரணம். அங்கே ரயில் பெட்டி தீர்மானித்ததை இங்கே 'குட்டி யானை' சரக்கு வண்டி தீர்மானிக்கிறது. அதன் தளத்தின் நீளம் ஏறத்தாழ ஏழடிதான். 8 அடித் தட்டியைப் படுக்க வைத்தால் பின்கதவைத் திறந்து வைத்து, சிவப்புத் துணி கட்டித்தான் ஓட்ட வேண்டும்; 10 அடித் தட்டிக்குப் பெரிய வண்டி பிடிக்க வேண்டும். தட்டி கட்டும் முன் அரங்கத்திற்குப் போய்ச் சரக்கு வாசலின் உயரம், அகலம், அடுத்த திருப்பம், படிக்கட்டு ஆகிய நான்கையும் நாடாவால் அளந்து எழுதி வாருங்கள்.

நம் ஊரில் திரைச்சீலைக் காட்சிகள் அவ்வளவு காலம் நிலைத்ததற்கும் பயணம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தர்பார், தெரு, காடு என்று எழுதிய படுதாக்களைச் சுருட்டி மூங்கிலோடு மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஏற்றிவிடலாம். தட்டியைச் சுருட்ட முடியாது. தெருப் படுதாவை முன்னால் இறக்கி நகைச்சுவைக் காட்சி நடக்கும்போது பின்னால் தர்பாரைத் தயார் செய்துகொள்வார்கள். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே வேலைக்காக எழுதப்பட்ட முன்திரைக் காட்சிக்குத் 'தச்சர் காட்சி' என்றே பெயர். உங்கள் நாடகாசிரியர் ஒத்துக்கொண்டால், கூடத்திற்கும் காவல் நிலையத்திற்கும் நடுவில் இரண்டு பேர் தெருவில் பேசிக்கொண்டு போகும் ஒன்றரை நிமிடக் காட்சி ஒன்றை எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஒரு நிமிடம் இரண்டரை நிமிடமாகும், பார்வையாளர்கள் இருட்டில் காத்திருக்கவும் வேண்டாம்.

12 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். முன்னால் பேசும்போது பின்னால் எழும் ஓசை படுதாவைத் தாண்டி வரும். 33 கிலோ தட்டியைக் கீழே வைத்தால் கேட்கும். 12 கிலோ தட்டியை வைக்கத் தெரிந்தவர் வைத்தால் கேட்காது.

14 பிப்ரவரி

இன்று நான் என் முதல் கருத்திலிருந்து கொஞ்சம் நகர்கிறேன். 'எல்லாவற்றையும் துணியில் செய்யுங்கள்' என்று எங்கும் எழுதவில்லை என்றாலும், படித்தவர்களுக்கு அப்படித்தான் பட்டிருக்கும். உங்கள் நாடகத்தில் மகன் கதவை அறைந்துவிட்டு வெளியேறும் இடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். துணித் தட்டியில் கதவு பொருத்தி அறைந்தால் வீடு முழுவதும் நடுங்கும். அந்த நடுக்கத்தில் நடிகரின் கோபம் காணாமல் போகும். கதவு வரும் தட்டியையும் அதன் இரு பக்கத்துத் தட்டிகளையும் 6 மி.மீ. பிளைவுட்டில் செய்யுங்கள். அந்தப் பலகை ஒன்று 11 கிலோ. சட்டத்தோடு 22 கிலோவில் அடங்கும். கதவின் இரு புறமும் தட்டியைப் பின்னாலிருந்து சாய்வாகத் தாங்கும் உதைகால் தனித்தனியாகக் கொடுங்கள். வாசலுக்காகக் கீழ்க் கிடைக்கட்டை அறுபடும் இடத்தில், இரண்டு கால்களையும் இணைத்து முக்கால் அங்குலப் பட்டை இரும்பைப் பதித்துத் திருகினால் தட்டியைத் தூக்கும்போது கால்கள் விரியாது.

கதவு மேடைக்கு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், கீல் மேடையின் பின்பக்கத்து நிலையில் இருக்க வேண்டும். அப்படி அமைத்தால் உள்ளே நுழைகிறவரின் முகம் முதலில் பார்வையாளருக்குத் தெரியும், திறந்த கதவு பின்னால் நிற்கும் ஆட்களையும் ஓரளவு மறைக்கும்.

எனவே கணக்கு: மூன்று பிளைவுட் தட்டிகள் 66 கிலோ, பதினொரு துணித் தட்டிகள் 132 கிலோ, மொத்தம் 198.

18 பிப்ரவரி

இனி மாற்றம். உங்கள் வரைபடத்தைப் பார்த்தேன். கூடத்தின் தட்டிகளை எல்லாம் அகற்றிவிட்டுக் காவல் நிலையத்தின் தட்டிகளைக் கொண்டுவந்து, மீண்டும் அவற்றை அகற்றிக் கூடத்தைக் கொண்டுவருவதாக வரைந்திருக்கிறீர்கள். கூடத்தை அகற்றவே வேண்டாம். அது நாடகம் முழுவதும் அசையாமல் நிற்கட்டும். காவல் நிலையத்தைக் கூடத்தை விடச் சிறிய அறையாக, அதற்குள் அடங்கும்படி அமையுங்கள். இரண்டு தட்டிகளைக் கீலால் இணைத்துப் புத்தகம் போல மடித்தால், விரித்த கோணத்திலேயே உதைகால் இல்லாமல் அது நிற்கும். அப்படி மூன்று புத்தகங்கள் போதும் உங்கள் காவல் நிலையத்திற்கு. ஒவ்வொன்றும் 24 கிலோ. இருவர் மடித்தபடி கொண்டுவந்து, குறியிட்ட இடத்தில் வைத்து விரித்துவிட்டுப் போகலாம். ஆறு பேர், ஒரு நடை, வேலை முடிந்தது. திரும்பக் கூடம் வேண்டும்போது மடித்து எடுத்துச் சென்றால் கூடம் அங்கேயே நிற்கும். பதினான்கு தட்டிகளின் இரட்டை மாற்றம் ஆறு தட்டிகளின் வரவும் போக்குமாகச் சுருங்கிவிடுகிறது.

மூன்று தட்டிகளை ஒன்றாக மடிக்க ஆசைப்படுவீர்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் தட்டி நடுத் தட்டியின் மேல் மடிந்து கிடக்கும்போது, மூன்றாவது அதன் கனத்தின் மேல் மடிய முடியாமல் கீலை நெம்பும். இடையில் ஒரு குறுகிய மரப்பட்டையை இரு புறமும் கீல் வைத்துப் பொருத்தினால் மடியும். ஆனால் 36 கிலோ ஆகிவிடும். இரண்டோடு நிறுத்துங்கள்.

18 பிப்ரவரி, இரவு

'ஒரே தட்டியின் முன்பக்கம் கூடம், பின்பக்கம் காவல் நிலையம் என எழுதித் திருப்பிவிட்டால் என்ன?' என்ற யோசனைக்கு. நானும் ஒரு முறை செய்தேன், தொடரவில்லை. பின்பக்கமும் காட்சியாகிவிட்டால் உதைகாலை எங்கே வைப்பது, மூலைப்பலகைகளை எப்படி மறைப்பது? திருப்ப வேண்டும் என்றால் முப்பக்கத் தூணாகச் செய்து, உள்ளே சக்கரம் வைத்துச் சுழற்றுங்கள். கிரேக்க அரங்குகளிலேயே இருந்த முறை இது. மூன்று பக்கத்தில் மூன்று காட்சி. ஓரத்தில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு மிக நன்றாகப் பொருந்தும், முழுச் சுவருக்குப் பொருந்தாது.

முழு மேடையையும் ஒரே அசைவில் மாற்றியவர்களும் இருந்தார்கள். ஸ்வீடனில் டிராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கில் 1766ஆம் ஆண்டு அமைத்த மர இயந்திரம் இன்றும் வேலை செய்கிறது. ஓரத் தட்டிகள் மேடைத் தரையின் பிளவுகள் வழியாக அடித்தளத்தில் ஓடும் வண்டிகளில் பொருத்தப்பட்டிருக்கின்றன. கீழே ஆட்கள் ஒரு பெரிய உருளையைச் சுற்றினால், மேலே எல்லா வரிசைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போகும், புதியவை வெளியே வரும். திரை இறங்காது, விளக்கு அணையாது, பார்வையாளரின் கண் முன்னே தோட்டம் அரண்மனையாகும். அதன் படக்காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. நம் ஊரில் ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் நாடகங்களில் அரண்மனையும் போர்க்களமும் கடலும் மாறி மாறி வந்ததைச் சிறுவனாக வாய் பிளந்து பார்த்தவன் நான்; மேடைக்குப் பின்னால் போய் வேலை பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்த இருக்கையில்தான் பிறந்தது.

20 பிப்ரவரி

அரங்க நிர்வாகம் மேடைத் தரையில் ஆணியோ திருகாணியோ கூடாது என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலான இடங்களில் அதுதான் விதி, நியாயமான விதியும்கூட. உதைகாலின் அடியில் ஒரு குறுக்குப் பலகை வைத்து, அதன் மேல் மணல் மூட்டையைப் போடுங்கள். மணலை இரட்டைச் சாக்கில் கட்டுங்கள். கசிந்த மணலில் நடிகர் வழுக்குவார்.

25 பிப்ரவரி

தீயைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். இவ்வளவு நாள் தள்ளிப் போட்டது தவறு. துணித் தட்டி காய்ந்த துணியும் காய்ந்த மரமும்தான். சிகாகோவின் இராக்வா அரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று ஒரு விளக்கின் பொறி திரைத்துணியில் பற்றி, மேலே தொங்கிய காட்சித் துணிகளுக்குப் பரவி, 602 பேர் இறந்தார்கள். அந்த அரங்கைத் தீப்பிடிக்காதது என்று சொல்லித்தான் திறந்திருந்தார்கள்.

வெண்காரம் 6 பங்கு, போரிக் அமிலம் 5 பங்கு, நீர் 100 பங்கு, மூன்றும் எடைக் கணக்கில். வெந்நீரில் கரைத்து, முதல் பூச்சுக்கு முன்னால் துணியின் இரு பக்கமும் நனையும்படி அடியுங்கள். காய்ந்ததும் அதே துணியின் துண்டு ஒன்றை வெளியில் எடுத்துச் சென்று தீக்குச்சி காட்டிப் பாருங்கள். குச்சியை விலக்கியதும் சுடர் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் இன்னொரு பூச்சு. நனைந்த தட்டிக்கு மீண்டும் அடிக்க வேண்டும். விளக்குகளைத் துணியிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் மேடையின் இரு ஓரத்திலும் இருக்கட்டும்.

2 மார்ச்

ஒத்திகையில் மாற்றத்திற்கு 1 நிமிடம் 50 நொடி ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் நீங்கள் அனுப்பிய படக்காட்சியிலேயே தெரிகிறது: தட்டியை இருவர் படுக்கையாகத் தூக்கி வருகிறார்கள். நிமிர்ந்த நிலையிலேயே ஒருவர் கொண்டு வரலாம். முன் விளிம்பைப் பிடித்து, ஒரு கை தலைக்கு மேல், மறு கை இடுப்புக்குக் கீழ். கீழ்க் கை முன் மூலையைச் சற்றே தூக்க, பின் மூலை தரையில் வழுக்கி வரும். மேல் கை சமநிலையை மட்டும் பார்த்துக்கொள்ளும். விளிம்பு முன்னால் இருக்க நடந்தால் காற்று தடுக்காது. புத்தகத் தட்டியை மடித்த நிலையில் இருவர் இதே முறையில் கொண்டு வரட்டும்.

படுத்திருக்கும் தட்டியை நிமிர்த்த, ஒருவர் கீழ்க் கிடைக்கட்டையில் பாதத்தை ஊன்றிக்கொள்ள, மற்றவர் மேல் முனையிலிருந்து கையைக் கையாக மாற்றி நடந்து வர வேண்டும். படுக்க வைக்க இருவரும் தேவையில்லை: கீழே பாதத்தை ஊன்றிக்கொண்டு விட்டுவிட்டால், தட்டி தன் அடியில் சிக்கிய காற்றின் மேல் மிதந்து மெல்ல இறங்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் அலறுவார்கள். கதவும் ஜன்னலும் உள்ள தட்டியை அப்படி விடாதீர்கள். காற்று ஓட்டை வழியே போய்விடும், தட்டி அறைந்து விழும்.

விளக்கு அணையப் பதினைந்து நொடி இருக்கும்போது மாற்றுகிறவர்கள் கண்களை மூடிக்கொள்ளட்டும். இருட்டில் திறக்கும்போது மற்றவர்களை விடத் தெளிவாகத் தெரியும். ஓரங்களில் மங்கிய நீல விளக்கு ஒன்று போதும்.

5 மார்ச்

55 நொடி என்று படித்தேன். மிகுந்த மகிழ்ச்சி.

நிலையாக நிற்கும் கூடத்தின் தட்டிகளைக் கயிற்றால் கட்டியிருக்கிறீர்களா, கீலால் இணைத்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. கயிறு என்றால் நூல் கயிறு, நைலான் வழுக்கும். ஒரு தட்டியின் பின்புற மேல் மூலையில் கயிற்றின் முனையைக் கட்டி, இரு தட்டிகளிலும் மாறி மாறி அடித்த கொக்கிகளின் மேல் வளைத்து இறக்கி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் உருவு முடிச்சுப் போடுங்கள். ஓர் இழுப்பில் முழுவதும் அவிழ வேண்டும். முன்பக்கத்து இணைப்புக் கோட்டின் மேல் நாலங்குலக் காடா பட்டையை ஒட்டி, சுவரின் வண்ணத்தையே பூசிவிட்டால் தட்டிகள் எல்லாம் ஒரே சுவராகத் தெரியும். இந்தப் பட்டையைக் கூடத்திற்கு மட்டும் ஒட்டுங்கள், மடியும் தட்டிகளின் முன்புறத்தில் கீல் தெரிந்தால் அங்கே ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டிய தளர்வான துணிப்பட்டை வேண்டும்.

8 மார்ச், இரவு 11.20

ஊசி உருவும் கீல்தான் போட்டிருப்பதாகச் சற்று முன் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்றிரவே ஒரு வேலை: ஒவ்வொரு ஊசியின் தலையிலும் ஒரு முழ நூல் கயிறு கட்டி, மறு முனையை அந்தத் தட்டியின் சட்டத்தில் ஆணி அடித்துவிடுங்கள். உருவிய ஊசியை இருட்டில் யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கையிருப்பாக நாலு பெரிய ஆணிகளின் முனையை மழுங்கடித்துப் பின்திரையின் அடியில் வையுங்கள். ஊசி வளைந்தால் அதைச் செருகிக்கொள்ளலாம்.